கிளைமில் ‘ஆவரேஜ்’ போட்டுவிட்டார்கள் என்றால் என்ன?

ஆவரேஜ், சால்வேஜ், எக்ஸஸ், வேல்யூ அட் ரிஸ்க் என்று நாலைந்து சொற்களுக்கு அர்த்தம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில்தான் உங்கள் மனசில் இருப்பது வந்திருக்கிறது. 12 லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறது, எரிந்தது 7 லட்சத்துச் சரக்குதான், அப்படியிருக்க 3,85,000 தருகிறோம் என்று கடிதம் வந்தால் அது ஏமாற்று இல்லையா? இதுதானே கேள்வி. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மின்கசிவில் ஜவுளிக்கடை எரிந்து, ஊரே புதுத்துணி எடுக்கிற நேரத்தில் கரியை அள்ளிக்கொண்டிருந்தவருக்கு இந்தக் கோபம் வருவது நியாயம். இருபது வருஷத்துக்கு மேலாகத் தீ விபத்து நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயராக இருக்கிறேன், உங்கள் கடைக்கு வந்தவரைப் போல நானும் எத்தனையோ எரிந்த கடைகளுக்குள் நோட்டும் பேனாவுமாக நின்றிருக்கிறேன். உங்கள் பாலிசியையோ சர்வேயர் அறிக்கையையோ நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதிய எண்களை வைத்து மட்டும் பேசுகிறேன், எது நிச்சயம் எது சந்தேகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

நிச்சயமானது முதலில். கணக்கு முறையில் தப்பு இல்லை. மொத்த நஷ்டம் 7 லட்சம், அதில் சால்வேஜ், அதாவது மிச்சம் மீதிச் சரக்கின் மதிப்பு, 50,000 கழித்தால் 6,50,000. தீப்பிடித்த அன்று கடையில் இருந்த சரக்கின் மதிப்பு 20 லட்சம் என்று எடுத்திருக்கிறார்கள், நீங்கள் பாலிசி எடுத்தது 12 லட்சத்துக்கு. இருபதில் பன்னிரண்டு, அதாவது 60 சதவீதம். 6,50,000இல் 60 சதவீதம் 3,90,000. அதில் எக்ஸஸ், அதாவது நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை, 5,000 போனால் 3,85,000. வாய்ப்பாடு சரி. அந்த வாய்ப்பாட்டுக்குள் போட்ட எண்கள் சரியா என்பது வேறு கேள்வி, உங்களுக்குப் பணம் வரவேண்டியிருந்தால் அங்கேதான் வரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

சம் இன்ஷூர்டு என்றால் ‘நஷ்டம் வந்தால் இத்தனை ரூபாய் வரை கிடைக்கும்’ என்று முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. அது உச்சவரம்பு, அதோடு நீங்கள் கம்பெனிக்குச் சொல்லும் ஒரு வாக்குமூலமும்கூட: ‘என் கடையில் இருக்கும் சரக்கின் முழு மதிப்பு இது’ என்று. பிரீமியம் அந்த எண்ணுக்குத்தான் போடப்படுகிறது. 20 லட்சத்துச் சரக்குக்கு 12 லட்சத்தின் பிரீமியம் கட்டினால், மீதி 8 லட்சத்துக்கு யார் காப்பு? தீக்காப்பு பாலிசிகளில் காலம் காலமாக ஒரு நிபந்தனை இருக்கிறது, அதன் சாரம் இதுதான்: அந்த வித்தியாசத்துக்குப் பாலிசிதாரரே தனக்குத் தானே இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று கருதப்படுவார், நஷ்டத்திலும் அந்த விகிதத்தில் பங்கு ஏற்பார். இதற்குப் பேர்தான் ஆவரேஜ். ஒரு கடையை நீங்களும் கம்பெனியும் சேர்ந்து காப்பீடு செய்ததாக நினைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் பங்கு நூற்றுக்கு 60, உங்கள் பங்கு 40. எந்த மூலை எரிந்தாலும் இந்தப் பங்குதான். ‘எரிந்தது என் 12 லட்சத்துக்குள் இருக்கும் 7 லட்சம்’ என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தச் சொல்லே ஆளைக் குழப்புகிறது. ஆவரேஜ் என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த சராசரி ஞாபகத்துக்கு வரும், சில தமிழ்க் காகிதங்களிலும் ‘சராசரி விதி’ என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே சராசரிக்கு வேலையே இல்லை. இது கப்பல் வணிகத்திலிருந்து வந்த சொல். மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் கடல் வழியில் சரக்குக்கு ஏற்படும் சேதத்துக்கு ‘அவாரியா’ என்று பேர், சேதமுற்ற பொருளைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய மூட்டைகளைக் கடலில் வீசினால், அந்த இழப்பைக் கப்பல்காரரும் சரக்குக்காரர் எல்லாரும் விகிதப்படி பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது, இன்றும் இருக்கிறது. 2021இல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்ட எவர் கிவன் கப்பலில்கூட இதே ஏற்பாட்டை அறிவித்தார்கள். விகிதப்படி பகிர்வது என்ற அந்த எண்ணம்தான் தீக்காப்புக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. விகிதப் பங்கு என்று தமிழில் சொன்னால் குழப்பம் போய்விடும்.

2021 ஏப்ரல் 1 முதல் சிறு கடைகள், தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசிதான் நடைமுறையில் இருக்கிறது. காப்பீடு செய்யும் இடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடிக்குள் இருப்பவர்களுக்கு அது. உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும், முதல் பக்கத்தில் பேர் போட்டிருக்கும், பாருங்கள். அந்தப் பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைக்காப்பை (சரக்கின் மதிப்பைவிடக் குறைவாகக் காப்பீடு செய்ததை) கண்டுகொள்வதில்லை. 20 லட்சம் சரக்குக்கு 17 லட்சம் காப்பு இருந்திருந்தால் ஒரு ரூபாய் வெட்டியிருக்க முடியாது. உங்கள் குறைவு 40 சதவீதம் என்று அவர்கள் சொல்வதால் அந்தச் சலுகைக்கு வெளியே போய்விட்டீர்கள். (வீடுகளுக்கான பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் இந்தக் குறைக்காப்பு வெட்டையே எடுத்துவிட்டார்கள். நீங்கள் சொன்ன அந்த உறவினருக்கு முழுசாக வந்ததற்குக் காரணம் அவருடையது வீடு என்பதுதான், ஆள் பலம் இல்லை.)

இப்போது சந்தேகமான இடத்துக்கு வருகிறேன். அந்த 20 லட்சம் எங்கேயிருந்து வந்தது? கடிதத்தில் வேல்யூ அட் ரிஸ்க் என்று இருக்கிறதே, அதன் அர்த்தம் விபத்து நடந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்த, காப்பீட்டுக்கு உட்பட்ட சரக்கு முழுவதின் மதிப்பு. எரிந்தது, எரியாதது இரண்டும் சேர்த்து. இதை எண்ணிப் பார்த்து யாரும் சொல்ல முடியாது, எரிந்த துணியை எப்படி எண்ணுவது? புத்தகத்திலிருந்துதான் கட்டி எழுப்ப வேண்டும். ஆடிட் ஆன கடைசி இருப்பை எடுத்து, அன்றிலிருந்து தீ விபத்து நாள் வரை வந்த கொள்முதலைக் கூட்டி, விற்றதைக் கொள்முதல் விலைக்கு மாற்றிக் கழிக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, மார்ச் 31 அன்று இருப்பு 9 லட்சம், அதற்குப் பிறகு வாங்கியது 26 லட்சம், விற்றது 25 லட்சம், உங்கள் லாபம் விற்பனையில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 25 லட்சம் விற்பனையின் அடக்கம் 20 லட்சம். ஒன்பதும் இருபத்தாறும் முப்பத்தைந்து, இருபது போனால் 15 லட்சம். இப்படி 15 லட்சம் என்று வந்தால் விகிதம் 80 சதவீதமாகிவிடும், உங்களுக்கு வரவேண்டியது 5,15,000. ஒரே ஓர் எண் மாறியதில் 1,30,000 வித்தியாசம். அந்த ஓர் எண்ணுக்காக இரண்டு நாள் கணக்குப் புத்தகத்தோடு உட்காரலாம், வீண் போகாது.

நீங்கள் ஓவர்டிராஃப்ட் வைத்திருப்பதாகவும் பாலிசியையே வங்கிதான் எடுத்துக் கொடுத்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மாதாமாதம் வங்கிக்குச் சரக்கிருப்புப் பட்டியல் கொடுத்திருப்பீர்கள். ஓவர்டிராஃப்ட் வரம்பு குறைந்துவிடக் கூடாதே என்று அந்தப் பட்டியலில் இருப்பைக் கூட்டிக் காட்டுகிற பழக்கம் நம் ஊர்க் கடைத்தெருக்களில் பரவலாக இருக்கிறது. சர்வேயர் முதலில் வாங்கிப் பார்க்கும் காகிதங்களில் அது ஒன்று. உங்கள் 20 லட்சம் அங்கேயிருந்து வந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன், அவ்வளவுதான், உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படி வந்திருந்தால், ஜிஎஸ்டி கணக்கும் கொள்முதல் பில்லும் அதைவிடக் குறைவாகக் காட்டினால் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். ஆனால் நீங்களே கையெழுத்துப் போட்டு வங்கிக்குக் கொடுத்த காகிதம் உங்களுக்கு எதிராக நிற்கும், அதை எவ்வளவு தூரம் ஏற்பார்கள் என்பது மற்ற ஆதாரங்களின் பலத்தைப் பொறுத்தது. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், யார் சொன்னாலும் புதுசாக பில் தயார் செய்யாதீர்கள். ஒரு பொய் பில் பிடிபட்டால் 3,85,000உம் சேர்ந்து போய்விடும், பாலிசி நிபந்தனையே அப்படித்தான்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். 20 லட்சம் எந்த விலையில்? சரக்கு நஷ்டத்தைக் கொள்முதல் விலையில்தான் கணக்கிடுவார்கள், விற்பனை விலையில் இல்லை, ஏனென்றால் இழந்ததை ஈடுகட்டுவதுதான் காப்பீடு, லாபம் அதில் வராது (விற்றிருந்தால் வந்திருக்கும் லாபத்துக்குத் தனியாகப் பாலிசி இருக்கிறது, நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்கள்). அப்படி நஷ்டத்தைக் கொள்முதல் விலையிலும் மொத்த இருப்பை விற்பனை விலையிலும் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் உங்களுக்குத்தான் வெட்டு. இந்தத் தப்பு வேண்டுமென்று நடப்பதில்லை, கம்ப்யூட்டர் இருப்புப் பட்டியலில் எம்ஆர்பி மட்டும் இருந்தால் அவசரத்தில் அதையே எடுத்துவிடுவார்கள். அறிக்கையில் இதைத் தேடுங்கள்.

ஜிஎஸ்டியும் அப்படித்தான். ‘கொள்முதலில் கட்டிய வரிக்கு உங்களுக்கு வரிக்கழிவு கிடைத்துவிட்டதே’ என்று வரித்தொகையை நஷ்டத்திலிருந்து கழிப்பார்கள். ஆனால் அழிந்துபோன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரிக்கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு. உங்கள் ஆடிட்டர் அதைத் திருப்பிக் கட்டியிருந்தால், அல்லது கட்டப்போகிறார் என்றால், அதன் ஆதாரத்தைக் கொடுத்துக் கேளுங்கள். சம் இன்ஷூர்டில் வரியும் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து இது நிற்கும் அல்லது நிற்காது.

சால்வேஜ் என்றால் மிச்சம் மீதியின் மதிப்பு. ‘எரிந்துபோன துணிக்கு என்ன மதிப்பு’ என்று கொதித்து எழுதியிருக்கிறீர்கள். எரிந்த ஜவுளிக்கடைக்குள் போனால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். அடுக்கிவைத்த சேலைக்கட்டு முழுசாக எரிவதில்லை, உள்ளே காற்று இல்லை. வெளிமடிப்பு விளிம்பு மட்டும் கருகி, உருகிய பாலித்தீன் உறை துணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் கையை விட்டு ஒரு சேலையை உருவினால் ஜரிகைகூட மங்காமல் வரும், ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் புகை வாசனை. அதைப் புதுச்சேலை என்று விற்க முடியாது, குப்பை என்றும் தள்ள முடியாது. இப்படிச் சரக்கை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கட்டுக்கணக்கில் விலை பேசுவார்கள். அந்த விலையைத்தான் சால்வேஜ் என்று கழிக்கிறார்கள், சரக்கு உங்களிடமே இருக்கும். 50,000 அதிகம் என்று தோன்றினால் உங்களிடம் வலுவான பதில் ஒன்று இருக்கிறது: ‘அந்த விலைக்கு நீங்களே ஆள் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிக் கொடுக்கலாம். கழித்த தொகை நிஜமான தொகையா என்பது அப்போது தெரிந்துவிடும்.

நனைந்த பண்டல்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தீயணைப்பு வண்டித் தண்ணீரில் கெட்டதும் தீ நஷ்டம்தான், சந்தேகமே வேண்டாம். காப்பீட்டில் சரக்கைக் கடைசியாக எது தொட்டது என்று பார்ப்பதில்லை, எது அந்தச் சங்கிலியைத் தொடங்கி வைத்து விடாமல் ஓட்டியது என்று பார்ப்பார்கள், அதற்குப் பேர் ப்ராக்ஸிமேட் காஸ். தீ இல்லாவிட்டால் தண்ணீர் அடித்திருக்க மாட்டார்கள். அதே மாதிரி மின்கசிவு என்றதும் பயப்பட வேண்டாம். கசிவு நடந்த அந்த மின்சாதனத்துக்கு மட்டும் தீக்காப்பில் வழக்கமாக ஈடு கிடையாது, அதிலிருந்து பரவிய தீயில் எரிந்ததற்கு உண்டு. சர்வேயர் உங்கள் பழைய சுவிட்ச் போர்டைக் கழித்திருந்தால் அதன் காரணம் இதுதான். பெரில், ஹசார்ட் என்ற இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள்: தீ என்பது பெரில், அதாவது நஷ்டத்தை உண்டாக்கும் ஆபத்து. மெயின் போர்டுக்கு அடியில் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்தது ஹசார்ட், அந்த ஆபத்தைக் கூட்டும் நிலைமை.

எக்ஸஸ் சின்ன விஷயம், ஒவ்வொரு கிளைமிலும் முதல் கொஞ்சத் தொகை உங்களுடையது. தொழிலில் இதை ரிஸ்க்கைக் கையில் வைத்துக்கொள்வது என்போம், சிறுசை நாமே தாங்கிக்கொண்டு பெருசைக் கம்பெனிக்குத் தள்ளுவது. 5,000 நீங்கள் தெரிந்தே ஏற்றது. நூற்றுக்கு 40 பங்கு நீங்கள் தெரியாமலே ஏற்றது, எனக்கு இந்தத் தொழிலில் ஆறாத ஆதங்கம் இதுதான். பாலிசி போடும்போது, வங்கியிலோ ஏஜென்டோ, ‘தீபாவளி சமயத்தில் எவ்வளவு சரக்கு நிற்கும்’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கடனுக்கு ஏற்ற தொகையைத்தான் வங்கி போடும், அதற்கு வேண்டியது தான் கொடுத்த கடன் பாதுகாப்பாக இருப்பது. அக்ரீட் பேங்க் கிளாஸ் என்று ஒரு நிபந்தனை பாலிசியில் இருக்கும், அதன்படி பணமும் முதலில் வங்கிக் கணக்குக்குத்தான் போகும், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என்ன செய்யலாம். சர்வேயர் அறிக்கையின் நகலை எழுதிக் கேளுங்கள், அது உங்களுக்குக் கிடைக்க வேண்டியது. அதில் மேலே சொன்ன எண்களைச் சரிபார்த்து, ஆதாரத்தோடு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். சர்வேயர் எழுதியது வேதவாக்கு இல்லை, அது கடைசி வார்த்தை அல்ல என்று 2009இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் போகலாம், 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனி கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போய்விடுங்கள். உங்கள் கடை பார்ட்னர்ஷிப் என்றால் முதலில் அது குறுந்தொழிலாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்சார்ஜ் வவுச்சர் என்று ஒரு காகிதம் வரும், ‘முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று இருக்கும். கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடுமா என்று பயந்திருக்கிறீர்கள். அதில் கையெழுத்திட்டதாலேயே மேற்கொண்டு கேட்கும் உரிமை போய்விடாது என்று 2015இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் நான் சொல்வது, ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு கடிதம் தனியாக, அன்றைய தேதியிலேயே, மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். பின்னால் நீதிமன்றம் போனால் ‘மனமொப்பிப் போட்டார்’, ‘நெருக்கடியில் போட்டார்’ என்ற வாதம்தான் நடக்கும், அந்த ஒரு கடிதம் பேசும். சப்ரோகேஷன் என்று இன்னொரு காகிதம் வந்தால் கவலைப்பட வேண்டாம். தீக்குப் பக்கத்துக் கடைக்காரர் போல வேறு யாராவது காரணம் என்றால், உங்களுக்குக் கொடுத்த பணத்தை அவர்களிடம் வசூலிக்க உங்கள் இடத்தில் கம்பெனி நிற்கிற உரிமை அது. உங்கள் பிரச்சினை உங்கள் கடைக்குள்ளேயே தொடங்கியதால் அநேகமாக வெறும் சடங்குதான்.

அடுத்த பாலிசியை வங்கி போடட்டும், தொகையை நீங்கள் சொல்லுங்கள். வருஷத்தில் எந்த மாதம் சரக்கு உச்சத்தில் நிற்குமோ அந்த எண்ணை வைத்துப் போடுவது ஒரு வழி. இல்லையென்றால் சீசனுக்கு முன்னால் எண்டார்ஸ்மெண்ட், அதாவது பாலிசியில் திருத்தம், போட்டுத் தொகையை ஏற்றிக்கொள்ளலாம், ஏற்றிய நாளிலிருந்துதான் அது செல்லும். பல வருஷத்துக்கு முன்னால் நான் பார்த்த ஒரு மளிகை மொத்தக் கடைக்காரர், கொள்முதல் நோட்டை மட்டும் தினமும் ராத்திரி மஞ்சப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். கடை மொத்தமும் எரிந்தது. அடுத்த நாள் காலையில் அந்தப் பையோடுதான் என்னைப் பார்க்க வந்தார், இருப்புக் கணக்கு ஒரே மதியத்தில் முடிந்தது, எனக்கும் அவருக்கும் ஓர் எண்ணில்கூடத் தகராறு வரவில்லை. இப்போது அந்த வேலையை ஒரு பென் டிரைவ் செய்யும்.

அறிக்கை கைக்கு வந்ததும் வேல்யூ அட் ரிஸ்க் எப்படி வந்தது என்று காட்டும் பக்கத்தின் எண்களை மட்டும், பேர் விலாசம் இல்லாமல், இங்கே எழுதுங்கள். அந்த 20 லட்சம் நிற்குமா நிற்காதா என்று பார்த்துச் சொல்கிறேன்.